பாவு ஒன்று, ஊடை பல

பவானியிலிருந்து 29 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, கோவையில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். ஏழு வருடமாகச் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். லோகோ, கல்யாணப் பத்திரிகை, கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் போஸ்டர், ரீல்ஸ் எடிட்டிங், பொருட்களைப் போட்டோ எடுப்பது, பள்ளிச் சுவர்களில் ஓவியம், தமிழ் எழுத்து வரைவது, எப்போதாவது புத்தக அட்டை என்று எது வந்தாலும் செய்வேன். மாதம் 35,000 முதல் 40,000 வரை வருகிறது. அதில் 20,000 நான்கு கடைகளின் மாதாந்திர வேலை. எத்தனை போஸ்டர் என்று கணக்கே கிடையாது. ராத்திரி 11 மணிக்கு 'தம்பி, நாளைக்கு ஆடித் தள்ளுபடி' என்று வாட்ஸ்அப் வரும். கூடப் படித்த நண்பன் கல்யாண ஆல்பம் மட்டும்தான் செய்கிறான். அவனைத் தேடி சேலம், நாமக்கல்லிலிருந்து வருகிறார்கள். 'இந்த வேலைக்கு இவன்தான்' என்று என்னை யாரும் தேடி வருவதில்லை. 'எல்லாம் செய்வேன்னு சொல்றவனுக்கு எதுவும் முழுசா தெரியாது' என்று ஒரு கம்பெனிக்காரர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்பா ஜமக்காளம் நெய்கிறவர். 'ஒரு தறியில ஒரு பாவுதாண்டா ஓடும்' என்கிறார் (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்). ஒன்றை மட்டும் பிடித்தால் சோற்றுக்கு வழி இருக்குமா என்று பயம். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் நாற்பது வயதிலும் இப்படியே இருப்பேனோ என்று அதைவிடப் பெரிய பயம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால் அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? எதை? என் வேலைகளில் ஒன்பதை அனுப்பியிருக்கிறேன்."

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து, எந்த வேலைக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். மாதம் 20,000 தரும் போஸ்டர், ரீல்ஸ் வேலைக்கு நான்கு வரி. லோகோவுக்கு இரண்டு. போட்டோவுக்கு ஒரே வரி, அதுவும் கேமராவுக்கு மாதம் 4,200 தவணை கட்டுகிறேன் என்று சொல்வதற்காக. ஆனால் மேட்டூர் சாலையில் ஒரு காபிக்கடைக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த 'கருப்பட்டிக் காபி' பலகைக்கு முக்கால் பக்கம். அதில் உள்ள 'ரு'வைப் பதினோரு தடவை வரைந்தீர்களாம். ஏழாவதிலேயே கடைக்காரர் போதும் என்றுவிட்டார். அப்புறமும் நீங்கள் விடவில்லை. அதற்காக அவரிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவும் இல்லை.

அதனால் ஒன்பதில் அதைத்தான் முதலில் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன் (ஏன் தலைகீழாக என்று பின்னால் சொல்கிறேன்). 'ரு'வின் வால் கீழே இறங்கி, அடுத்து வரும் இரண்டு 'ப'வுக்கும் அடியில் ஓடி, 'ட்' வரைக்கும் போய் நிற்கிறது. ப, ட மாதிரிக் கட்டம் கட்டமான எழுத்துகள் வரிசையாக வந்தால் சொல் செங்கல் அடுக்கியது போல இறுகிப் போகும். உங்கள் வால் அந்த மூன்று கட்டங்களையும் ஏந்திப் பிடித்திருக்கிறது. ஏழாவதில் நிறுத்தியிருந்தால் இது வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

குறையும் இருக்கிறது. 'ட்' மேலே உள்ள புள்ளியும் அடுத்த 'டி'யின் தலைமேல் வளையும் மேல்விலங்கும் இடித்துக்கொள்கின்றன. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறவருக்குப் புள்ளி விலங்கோடு ஒட்டிப்போய் 'டீ' போலத் தெரியும். விலங்கின் முனையை வலப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கி, புள்ளியை ஒரு நூல் இறக்கினால் சரியாகிவிடும். மூன்று புள்ளிகளையும் காபிக்கொட்டையாக மாற்றியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். காபிக்கடை என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அந்த 'ரு' அப்படியில்லை, அது உங்களுக்கு மட்டும் தோன்றியது.

மற்ற எட்டையும் பார்த்தேன். ரீல்ஸ் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பெயரை மறைத்துவிட்டால் ஈரோட்டில் யார் செய்ததாகவும் இருக்கலாம். போட்டோக்களில் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதைச் சரிசெய்ய நீங்கள் இன்னும் பணம் போட வேண்டும், நேரமும் போட வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை எழுத்துரு போடாமல் கையால் வரைந்திருக்கிறீர்கள். பள்ளிச் சுவரில் மரமும் மயிலும் சுமார்தான், ஆனால் நடுவில் எழுதியிருக்கும் ஆத்திசூடி வரிகள் நிமிர்ந்து நிற்கின்றன. புத்தக அட்டை இரண்டிலும் படம் பின்னால் போய்த் தலைப்பு முன்னால் வருகிறது. பலகையையும் சேர்த்தால் ஒன்பதில் ஐந்து. அந்த ஐந்திலும் எழுத்தில்தான் உயிர் இருக்கிறது. நீங்கள் அனுப்பும்போது அப்படி நினைத்து அனுப்பவில்லை என்பதும் தெரிகிறது. கோப்புகளுக்கு 'பத்திரிகை', 'சுவர்', 'அட்டை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ஆக, 'எதை?' என்ற கேள்விக்கு என் பதில்: தமிழ் எழுத்து. 'ஒன்றை மட்டுமா?' என்பது வேறு கேள்வி. அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் இரண்டு பக்கமும் அடிபட்டவள்.

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்ற பழமொழியை உங்களிடம் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அதைச் சரியாகக் கேட்டுப் பாருங்கள். பல மரம் தெரிந்த தச்சனை அது குறை சொல்லவில்லை. தேக்கும் வேம்பும் வாகையும் தெரியாத தச்சனிடம் யார் வேலை கொடுப்பார்கள்? ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போய், எதன் மேலும் உளி வைக்காமல் திரும்புகிறவனைத்தான் சொல்கிறது. ஏழு வருடத்தில் நீங்கள் வெட்டாமல் இல்லை, தினமும் வெட்டியிருக்கிறீர்கள். அந்தக் கம்பெனிக்காரர் சொன்னது உங்கள் கைக்குப் பொருந்தாது. நீங்கள் உங்களைக் காட்டும் விதத்துக்குப் பொருந்தும். அங்கே அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நான் 1999-ல் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) மையத்தில் 1,500 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற இரண்டு மென்பொருள்களும்தான் உலகம். விசிட்டிங் கார்டு, பில் புக், பிட் நோட்டீஸ், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை, கல்லூரி ஆய்வேடு எல்லாம் செய்வோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ராத்திரியில்தான் வரும். இறந்தவரின் மகனோ தம்பியோ அழுத முகத்தோடு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒருமுறை பெயரில் 'ள'வுக்குப் பதில் 'ல' அடித்துவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன் அந்த மகன்தான் பார்த்துச் சொன்னார். கோபப்படவில்லை. 'அப்பா பேரு தப்பா இருக்கும்மா' என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றைக்கும் எந்தப் பெயரையும் எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படிக்காமல் நான் அனுப்புவதில்லை. 'சில்லறை வேலை' என்று நாம் ஒதுக்கும் வேலைகள் இப்படித்தான் கற்றுக்கொடுக்கின்றன. உங்களுடைய ஏழு வருடமும் வீண் இல்லை.

அந்த மையத்துக்குப் பிழை திருத்த ஒரு பெரியவர் வருவார். முப்பது வருடம் ஈய எழுத்துக் கோத்தவர். அச்சுக் கோப்பவர்கள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, தலைகீழாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தே பழகியதால் அவருக்கு எழுத்தின் எடை தெரியும். 'தாளைத் திருப்பிப் பிடிம்மா, படிக்க முடியாதபோதுதான் எழுத்து எழுத்தாத் தெரியும்' என்பார். நேராகப் பார்க்கும்போது மனம் சொல்லைப் படித்துவிட்டு ஓடிவிடும். தலைகீழாகப் பார்க்கும்போது எது கனமாக இருக்கிறது, எது நொண்டுகிறது என்பது மட்டும் தெரியும். உங்கள் பலகையை நான் திருப்பிப் பார்த்தது அதனால்தான். வரி ஒற்றெழுத்தில் தொடங்கக் கூடாது என்பதும் அவர் கற்றுக்கொடுத்ததே. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று இழுத்தால் நடுவில் வெள்ளையாக இடைவெளி விழும். அவர் பக்கத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, 'நடுவுல ஓட்டை விழுந்திருக்கு பாரு' என்பார்.

அவருக்கு மவுஸ் பிடிக்கக் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் அவர் பார்க்காமல் ஒரு புத்தகமும் அந்த மையத்திலிருந்து வெளியே போகாது. ஈயம் போய், அச்சகத்தில் அவர் உட்கார்ந்த இடமும் போய்விட்டது. பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் அவரோடு வந்தது. உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுதான். நீங்கள் எழுதிய பட்டியலில் ரீல்ஸ், போஸ்டர், போட்டோ என்று இருப்பவை கருவியின் பெயர்கள், இல்லாவிட்டால் வடிவத்தின் பெயர்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கருவி போகும் நாளில் நீங்களும் போக வேண்டியிருக்கும். ஒரு தமிழ்ச் சொல்லை எந்தப் பரப்பில் வைத்தாலும் படிக்கும்படியும், அதன் குணம் தெரியும்படியும் செய்வது என்பது ஒரு வேலை. அதற்குக் கருவி மாறிக்கொண்டே இருக்கலாம்.

நான் பிறந்த சேலத்துத் தெருவில் இரண்டு பெயின்டர்கள் இருந்தார்கள். இருவரும் ஒரே குருவிடம் தொழில் கற்றவர்கள். சுவர் விளம்பரம், கட்சி எழுத்து, கடைப் பலகை எல்லாம் எழுதுவார்கள். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து நான்கைந்து வருடத்தில் அந்தத் தொழிலை வாரிக்கொண்டு போனது. ஒருவர் தன்னைச் சுவர் விளம்பரக்காரர் என்றே நினைத்திருந்தார். சுவர் போனதும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மில்லில் காவல் வேலைக்குப் போனார். இன்னொருவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் பெயர் எழுதப் போனார். பிறகு கோயில் உபயப் பலகைகள். 'எங்க எழுதினாலும் எழுத்துதானேம்மா' என்று என்னிடம் சொன்னார். முதலாமவருக்குத் திறமை குறைவு என்று நினைக்காதீர்கள். அவருடைய 'ழ'வை என்னால் இன்றைக்கும் வரைய முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2008-ல் தனியாக வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தபோது ஒரு பதிப்பாளரிடம் என் மாதிரிகளைக் கொண்டுபோனேன். 140 இருந்தன. பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, 'எல்லாம் நல்லா இருக்கு. உங்களை எதுக்குக் கூப்பிடணும்னுதான் தெரியலை' என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் கழித்து 140-ஐ 12 ஆக்கினேன். தலைப்பெழுத்தை நானே வரைந்த அட்டைகள் மட்டும். அதே பதிப்பாளர் அடுத்த ஆறு மாதத்தில் நான்கு அட்டை கொடுத்தார். அந்த ஆறு மாதமும் நான் பில் புக்கும் பத்திரிகையும் செய்துகொண்டுதான் இருந்தேன். செய்வதை நான் குறைக்கவே இல்லை. வெளியே காட்டுவதை மட்டும் குறைத்தேன்.

பிறகு நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். பெயர் கொஞ்சம் வந்ததும், 2016 வாக்கில், அட்டை தவிர வேறு எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். உள்பக்க வடிவமைப்பு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அச்சகங்கள் மூடின, புதிய புத்தகங்கள் நின்றன, அட்டை கேட்க ஆள் இல்லை. ஐந்து மாதம் வருமானம் இல்லாமல் இருந்தேன். ஒரு பள்ளியின் பயிற்சிப் புத்தகத்தை வடிவமைத்துத்தான் வாடகை கட்டினேன். பழைய டி.டி.பி. பழக்கம்தான் அப்போது கைகொடுத்தது. அதனால் யாராவது உங்களிடம் 'மற்றதையெல்லாம் இன்றைக்கே தூக்கிப் போடு' என்றால் கேட்காதீர்கள்.

ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1938-ல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவரைக் கோடுகளாகவே நூறு படங்கள் வரைந்தார். ராஜாக்களை வரைந்தார். கி. ராஜநாராயணன் எழுத்துக்குப் படம் போட்டார். சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பு எழுதிக்கொடுத்தார். பின்னாளில் கோட்டையே விட்டுவிட்டுப் பெரிய பெரிய வண்ண அரூப ஓவியங்களுக்குப் போனார். ஒரு பட்டியலாகப் பார்த்தால் உங்களுடையதைவிட நீளம். ஆனால் அவர் எழுதிய ஒரு தலைப்பையும் அவர் வரைந்த ஒரு காந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த முரட்டுக் கோடு, நடுவில் அறுந்து மறுபடி பிடிக்கும் அந்த வேகம், இரண்டிலும் ஒன்றுதான். தமிழ்ப் புத்தகத் தலைப்புகள் அச்சு எழுத்தின் விறைப்பிலிருந்து விடுபட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு அவருடைய ஓவியம்தான் காரணம். கோபுலுவும் அப்படித்தான். ஆனந்த விகடனில் நகைச்சுவைப் படமும் தொடர்கதைப் படமும் போட்டவர் பிறகு விளம்பரத் துறைக்குப் போனார். பக்கவாதத்தால் வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். கை மாறிய பிறகும் அவரால் வரைய முடிந்தது என்றால், அத்தனை வருடத்துப் பயிற்சி கையில் மட்டும் போய்த் தங்கவில்லை, கண்ணிலும் தங்கியிருக்கிறது.

இப்போது உங்கள் அப்பா சொன்னது. ஒரு தறியில் ஒரு பாவுதான் ஓடும். முழு உண்மை. ஆனால் ஜமக்காளத்தைத் தினமும் பார்க்கிற உங்களுக்குத் தெரியும், அந்தப் பட்டைப் பட்டையான சிவப்பும் பச்சையும் நீலமும் ஊடையில், அதாவது குறுக்கே ஓடும் நூலில், வருவது. பாவு உள்ளே மறைந்திருக்கும். நிறம் எத்தனை முறை மாறினாலும் துணி ஒன்றாக நிற்பது அந்தப் பாவினால். உங்களிடம் ஏழு வருடமாக ஊடை நிறைய இருக்கிறது, பாவு பூட்டவில்லை. அப்பா சொன்னதை 'ஒரு நிறம் மட்டும் நெய்' என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவரிடமே கேட்டுப் பாருங்கள், அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பவானியில் எத்தனையோ தொழில் நடக்கிறது. ஆனால் வெளியூர்க்காரருக்குப் பவானி என்றால் கூடுதுறை, ஜமக்காளம். அதனால் மற்றத் தொழில்கள் கெட்டுப்போகவில்லை. அதே சமயம் விசைத்தறி ஜமக்காளம் சந்தைக்கு வந்தபோது கைத்தறிக் குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதும் உங்கள் வீட்டுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நம்பினால் வரும் பயம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. அது கோழைத்தனம் இல்லை.

இனிப் பணக் கணக்கு. நான்கு கடைகளின் 20,000-ஐ இப்போது தொடாதீர்கள். ஆனால் கணக்கில்லாமல் செய்வதை இந்த மாதமே நிறுத்துங்கள். ஒரு கடைக்கு மாதம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை என்று எழுதியே கொடுங்கள். பொங்கல், ஆடி, தீபாவளி எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பதினைந்து நாள் முன்னால் விவரம் தரச் சொல்லுங்கள். நான்கில் ஒருவர் முகம் சுளிப்பார், ஒருவேளை விலகியும் போவார். 5,000 ரூபாய் குறையும். அதைத் தாங்க முடியும் என்பதற்காகத்தான் இதை இப்போதே, கல்யாணத்துக்கு முன்பே செய்யச் சொல்கிறேன். இந்த வேலையை வாரத்தில் இரண்டு நாளில் அடைத்துவிடுங்கள். போஸ்டருக்கு ஒரு மாதிரிச் சட்டகம் (டெம்ப்ளேட்) செய்து வைத்துக்கொண்டால் ஒரே உட்காரலில் ஒரு வாரத்துப் போஸ்டர் முடியும். கடைக்காரர்களே கேன்வாவில் செய்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. இந்த வருமானம் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்ல முடியாது. நிற்கும்வரை அது உங்கள் அரிசிக்காசு, அவ்வளவுதான்.

பொருட்களைப் போட்டோ எடுக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் சுமார், விளக்கும் இல்லை, மனமும் இல்லை. நன்றாக எடுக்கும் நண்பர் ஒருவருக்குத் திருப்பிவிடுங்கள், அவர் உங்களுக்கு எழுத்து வேலை திருப்புவார். கேமராவை விற்க வேண்டாம். அதற்கு நல்ல வேலை இருக்கிறது. ஈரோடு, பவானி, அந்தியூர், சேலம் பக்கம் இன்னும் அழியாமல் இருக்கும், கையால் எழுதிய பலகைகளைப் படம் எடுத்து வையுங்கள். அரிசி மண்டி, சைக்கிள் கடை, பழைய சத்திரம் எதுவானாலும் சரி. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் அவற்றில் சிலவற்றில் இருக்கும். துதிக்கை தூக்கியது போன்ற அந்த 'லை'யைப் பார்த்து வரைந்து பழகினால் கைக்கு வேறு ஓட்டம் வரும்.

வாரத்தில் இரண்டு காலை, அலைபேசியை அணைத்துவிட்டு, எழுத்துக்கு மட்டும். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று ஔவை பாடியதாகச் சொல்வார்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆனால் என்ன பழகுவது என்பதைத் தெரிந்து பழக வேண்டும். பலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கு, டு, ணு, ஞு, ரு, மூ ஆகியவற்றை ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொருவரும் அந்தக் கீழ்வளைவை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் என்று மேலே மெல்லிய தாள் வைத்து வரைந்து பாருங்கள். தமிழில் 247 எழுத்து என்றாலும் எழுத்துரு செய்கிறவர் 247-ஐயும் தனித்தனியாக வரைவதில்லை. காலும் கொம்பும் ஒருமுறை வரைந்தால் போதும். ஆனால் உகர, ஊகார உயிர்மெய் 36-ம் தனித்தனியாக வரைய வேண்டியவை. உங்கள் 'ரு' அந்த 36-ல் ஒன்று. பதினோரு தடவை வரைந்தவருக்கு மற்ற 35-ஐயும் வரைய ஆசை வராமல் இருக்காது. வந்தால் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் ஆரம்பியுங்கள். ஒரு வருடம் ஆகும், இரண்டும் ஆகலாம். அதில் பணம் வருமா என்று இப்போது கேட்காதீர்கள். அதைச் செய்து முடிக்கும்போது உங்கள் கடைப் பலகைகளின் விலையை நீங்களே இரண்டு மடங்காக்கியிருப்பீர்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் அட்டைகளில் பின்பக்க வாசகத்தைப் பழைய பாமினி எழுத்துருவில் போட்டிருக்கிறீர்கள். யூனிகோடுக்கு மாறுங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று பலர் பயந்து பழையதிலேயே இருக்கிறார்கள். அதிலேயே இருக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துதான் உங்கள் வேலை என்று சொல்லப்போகிறீர்கள். அதை அச்சகமும் பதிப்பகமும் நம்ப வேண்டும் என்றால் இதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

விலை பற்றி: பலகை எழுத்துக்கு மூன்று வரைவு, அதற்கு மேல் கடைக்காரருக்குக் காட்டாதீர்கள். நான்காவது முதல் பதினொன்றாவது வரை உங்களுக்காக வரைவது. அதை விடவே விடாதீர்கள், ஆனால் அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். பாதித் தொகை முன்பணம். பத்திரிகை வேலையைத் தொடருங்கள், ஆனால் 'மணமக்கள் பெயர் கையால் எழுதித் தரப்படும்' என்பதை முதலில் போட்டு, அதற்கென்று தனி விலை வையுங்கள். நகலெடுக்க முடியாத பகுதி அதுதான். ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் பதிப்பாளர்கள் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வருகிறார்கள். சாயங்காலக் கூட்டத்தில் போகாமல், காலையில் கடை திறந்ததும் போங்கள். கையில் எட்டு மாதிரிக்கு மேல் வேண்டாம். எட்டும் எழுத்தாக இருக்கட்டும். திருப்பூரில் தமிழ் வாசகச் சட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கோவையில் புதுக் கடைகள் இருக்கின்றன. சினிமாத் தலைப்பு வந்தால் செய்யுங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நண்பனோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னால் நின்றுவிடாது என்று தெரியும். ஆனால் அவருக்கு ஆல்பம் பிடித்திருக்கிறது, முகூர்த்த நாள் இருக்கும்வரை வேலையும் இருக்கிறது. உங்களுக்கு அது பிடித்திருந்தால் உங்கள் கடிதத்தில் முக்கால் பக்கம் அதற்குப் போயிருக்கும்.

மாப்பிள்ளை என்ன வேலை என்ற கேள்வி. இதைத்தான் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். 'கம்ப்யூட்டர்ல டிசைன்' என்று அப்பா சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. 'தமிழ் எழுத்து வரையறான், கடைப் பலகை, புத்தக அட்டைக்கெல்லாம்' என்றால் புரியும். ஆனால் அதைச் சொல்ல அவர் முதலில் பார்த்திருக்க வேண்டும். பலகை மாட்டி எட்டு மாதம் ஆகிறது, அப்பா இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் சாயங்காலம், தறியிலிருந்து எழுந்த பிறகு, அவரை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போங்கள். எதிர்ப்பக்கம் நிறுத்தி, அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த 'ரு' எப்படி வந்தது, ஏன் பதினோரு தடவை என்று சொல்லுங்கள். ஒரு பாவு இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. 'டி' இடிப்பதை அவரே சொல்லிவிடுவார். அதற்குள் அதைத் திருத்திவிடுங்கள்.